இரண்டு நாள் காட்டுப் பயணத்தில் கோளாறு எங்கே? அறிகுறியைப் பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

சனிக்கிழமை விடியற்காலையில் மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ புறப்பட்டு, ஓரிரவு கூடாரத்தில் தங்கி, ஞாயிறு மாலை வீடு திரும்பும் பயணங்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. குடும்பிமலைப் பக்கம், உன்னிச்சைக் குளத்தைச் சுற்றிய ஊர்கள், வாகரைக் கடற்கரை, பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை, உகந்தை என்று நமக்கு அருகிலுள்ள இடங்களே மனதில் உள்ளன. இத்தகைய பயணங்களில் நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை காட்டில் தோன்றுவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு பை கட்டும்போதே தோன்றி, சனிக்கிழமை நண்பகலில் வெளிப்படுகின்றன. ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும், அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதோடு, வீட்டில் எந்தக் கணக்குத் தவறியது என்பதையும் தேட வேண்டியுள்ளது. தேடிப் பார்த்தால் அந்தக் கணக்கு பெரும்பாலும் தண்ணீர்க் கணக்காகவே இருக்கும்.

தொடங்குமுன் ஒரு விடயம். குமண, கல்லோயா, லகுகல ஆகிய தேசிய பூங்காக்களுக்குள் நினைத்த இடத்தில் நடக்கவோ கூடாரம் அடிக்கவோ முடியாது. வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி பெற்று, அவர்கள் ஒதுக்கும் இடத்திலேயே தங்க வேண்டும். பூங்காவுக்கு வெளியே என்றாலும் அது யாருடைய காணி, எந்தத் திணைக்களத்தின் காடு என்று கேட்டறிந்த பின்னரே இடத்தை முடிவு செய்யுங்கள். பின்வருபவை யாவும் அந்த அனுமதி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை.

அறிகுறி: முதல் நாள் நண்பகலுக்குள் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது

முதலில் அது எங்கே போனது என்று பாருங்கள். குடித்துத் தீர்ந்ததா, சமையலில் தீர்ந்ததா, கை கால் கழுவித் தீர்ந்ததா, அல்லது பையின் அடியில் ஒழுகியதா என்பதைப் பொறுத்தே பரிகாரம் மாறும். பையின் அடிப்பகுதி ஈரமாக இருந்தால் போத்தலின் மூடியையும் அதன் உள்வளையத்தையும் பார்க்க வேண்டும். ஐந்து லீற்றர் கான் ஒன்றைத் தூக்கிச் செல்வதைவிட ஒன்றரை லீற்றர் போத்தல்கள் மூன்றைத் தனித்தனியாகக் கொண்டுபோவது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்: ஒன்று ஒழுகினாலும் மற்றவை எஞ்சியிருக்கும்.

குடித்தே தீர்ந்திருந்தால், கணக்குப் போடாமல் புறப்பட்டிருக்கிறீர்கள். நம் பகுதியில் வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீர் உடலை விட்டுப் போகிறது என்பது நடப்பவருக்கே தெரிவதில்லை. அந்தக் காலத்தில் சுமையுடன் நடக்கும் ஒருவருக்கு மணிக்கு முக்கால் லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நான்கு மணி நேரம் நடந்தால் 3 லீற்றர். அன்றைய மீதிப் பொழுதுக்கு ஒன்றரை லீற்றர். இரவுச் சமையலுக்கு முக்கால் லீற்றர். காலை உணவுக்கும் தேநீருக்கும் அரை லீற்றர். மறுநாள் மூன்று மணி நேர நடைக்கு இரண்டேகால் லீற்றர். கூட்டினால் ஒருவருக்கு 8 லீற்றர் வருகிறது. இதில் பாத்திரம் கழுவும் நீரோ முகம் கழுவும் நீரோ சேரவில்லை. ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம் ஆதலால், கூடாரம், சமையற் சாமான், உணவு ஆகியவற்றோடு எட்டுக் கிலோவையும் முதுகில் ஏற்றுவது பழகாதவருக்கு இயலாத காரியம்.

இதிலிருந்து தெளிவாகும் முடிவு ஒன்றுதான்: வழியில் நீர் நிரப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தப் பாதையில் இரவு தங்கும் திட்டத்தையே மாற்ற வேண்டும். கிணறுள்ள கோயில், கடை, விவசாயி ஒருவரின் வாடி, வாகனம் நிறுத்திய இடத்தில் விட்டுவைத்த பத்து லீற்றர் கான் என்று எதுவாகவும் அது இருக்கலாம். வரைபடத்தில் நீல நிறத்தில் தெரியும் குளத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையில் நிரம்பும் சிறுகுளங்கள் பல, ஆவணியில் வெடித்த சேறாகவே கிடக்கும். வரைபடமோ ஆண்டு முழுவதும் அதே நீலத்தைத்தான் காட்டும்.

இனி, காட்டில் நின்றுகொண்டு இதை வாசிக்கிறீர்கள், போத்தலில் கால்வாசிதான் இருக்கிறது என்றால்: முன்னே செல்லாதீர்கள். காலை பதினொன்று முதல் பிற்பகல் மூன்று மணி வரை நிழலில் உட்கார்ந்து, வெயில் தாழ்ந்ததும் வந்த வழியே திரும்புங்கள். தாகம் எடுக்கும்போது இருக்கும் நீரைக் குடியுங்கள். மிச்சம் பிடிக்கவேண்டும் என்று நாவை நனைத்து நனைத்து வைத்திருந்து, போத்தலில் நீர் இருக்கும்போதே மயங்கி விழுவதில் பயனில்லை. அதேவேளை பிஸ்கட், கருவாடு, வறுத்த கடலை போன்ற வறண்ட, உப்பான உணவுகளை நிறுத்திவிடுங்கள். அவை நீரைக் கேட்கும். அடுத்த முறைக்கான விதி: கொண்டுவந்த நீரில் பாதி முடிந்தபோது அடுத்த நீரிடம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் திரும்பிவிடுவது.

அறிகுறி: தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தும் தலைவலிக்கிறது, கால் தசை இழுத்துப் பிடிக்கிறது

வியர்வையில் நீர் மட்டுமன்றி உப்பும் போகிறது. வெறும் நீரையே லீற்றர் லீற்றராகக் குடித்து, உணவு எதுவும் உண்ணாமல் நடந்தவர்களுக்கு இது வரும். ஜீவனி எனும் வாய்வழி நீரேற்று உப்புக் கலவைப் பக்கற்றுகள் இரண்டை மருந்துப் பையில் எப்போதும் வைத்திருங்கள். பக்கற்றில் எழுதியுள்ள அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும், பாதிப் பக்கற்றை ஒரு குவளையில் கொட்டிக் கண்ணளவில் கலக்கக்கூடாது. பக்கற்று இல்லையென்றால் ஒரு லீற்றர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். கரைத்த நீர் கண்ணீரைவிட உப்பாக இருந்தால் அளவு தவறிவிட்டது என்று பொருள். கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். உப்புப் போட்ட கஞ்சியும் இதே வேலையைச் செய்யும்.

சிறுநீரின் நிறம் வெறுந்தேநீர் போல் இருண்டிருந்தால் நீர் போதவில்லை. வைக்கோல் நிறமாக இருந்தும் கால் இழுத்தால் உப்புப் போதவில்லை. ஆனால் ஒருவர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது இந்த இரண்டிலும் சேராது, அது வெப்பத்தாக்கு. அவரை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடல் முழுவதையும் நனைத்து விசிறிக்கொண்டே 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்க வேண்டும். நினைவு தடுமாறியவரின் வாயில் நீர் ஊற்றக்கூடாது. கையிருப்பில் உள்ள குடிநீரைக்கூட அப்போது அவர் மேனியில் ஊற்றத் தயங்கவேண்டாம்.

அறிகுறி: நீர் கிடைத்தது, ஆனால் குடிக்கும் நிலையில் இல்லை

இதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு.

கலங்கலாக இருந்தால், தெளியவைப்பது முதல் வேலை. வாளியில் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, மேல்நீரை நான்காக மடித்த பருத்தித் துணியால் வடித்தெடுங்கள். நம் முன்னோர் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்சுவரில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தனர். அந்த மரம் நமது உலர்வலயக் காடுகளில் இன்றும் உண்டு. சிங்களத்தில் அதை இங்கினி என்பார்கள். இங்கினியாகலை என்ற ஊர்ப்பெயரில் காதில் விழும் சொல்லும் அதுவே. ஆனால் தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. தெளியவைத்த பிறகு குமிழி பொங்க ஒரு நிமிடம் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும். குளோரின் வில்லை போடுவதானால் அரை மணி நேரமாவது காத்திருங்கள். கலங்கலைத் தெளியவைக்காமல் வில்லையைப் போட்டால் அதன் வலு சேற்றிலேயே செலவாகிவிடும்.

கைவடிகட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு, “முதல் போத்தல் வேகமாக இறங்கியது, மூன்றாவது போத்தலில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது” என்பது. வடிகட்டி பழுதாகிவிடவில்லை, குளத்துச் சேறு அதன் நுண்துளைகளை அடைத்துவிட்டது. கூடவே தரும் ஊசிக்குழாயில் சுத்தமான நீரை எடுத்து, நீர் வெளிவரும் பக்கத்திலிருந்து பலமாகத் திருப்பி அடித்தால் பெரும்பாலும் சரியாகும். அந்த ஊசிக்குழாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம் என்பதால், அதை வடிகட்டியோடு நூலால் கட்டிவிடுங்கள். நுண்குழல் வடிகட்டிகள் பற்றீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரசுகளைத் தடுக்கா. மனிதர் குளிக்கும் துறையிலிருந்து எடுத்த நீராயின் வடித்த பின்னும் கொதிக்கவைப்பது நல்லது.

பச்சைச் சாயம் கரைத்ததுபோல் மேலே பாசிப் படலம் மிதந்தால், அந்த நீரை விட்டுவிடுங்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. வயலிலிருந்து வடிந்து வரும் வாய்க்கால் நீருக்கும் இதே விதிதான். களைகொல்லியும் பூச்சிகொல்லியும் கைவடிகட்டிக்கோ குளோரினுக்கோ கட்டுப்படுவதில்லை.

உப்பாக இருந்தால் கொதிக்கவைப்பதால் ஒன்றும் ஆகாது. நீர் குறையக் குறைய உப்புத்தான் கூடும். வாவிக்கரையிலும் கடற்கரையிலும் தங்குபவர்கள் இதைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். மணற்பாங்கான கரையில் மழைநீர் நிலத்தடி உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால், கடலிலிருந்து சற்றுத் தரைப்பக்கமாக ஆழமில்லாமல் தோண்டும் கிணறு நன்னீர் தரும். ஆழமாகத் தோண்டினாலோ அவசரமாக இறைத்தாலோ கீழிருந்து உவர் ஏறிவிடும். உகந்தையிலிருந்து குமணக் காட்டின் ஊடாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பதும் இத்தகைய பொறுமையான வேலையே. வார இறுதிப் பயணி அதை ஒரு திட்டமாக நம்பக்கூடாது. கடற்கரைத் தங்கலுக்கு முழு நீரையும் வாகனத்தில் ஏற்றிச் செல்வதே ஒழுங்கு.

குளத்தில் நீர் அள்ளும்போது ஒரே இடத்தில் குந்தியிருந்து போத்தலை அமிழ்த்தாதீர்கள். நம் குளங்களில் முதலை உண்டு. கயிறு கட்டிய சிறிய வாளியை எறிந்து இழுப்பது பாதுகாப்பானது. குடும்பிமலைப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருந்த முதியவர் ஒருவர், நாங்கள் ஓடையில் போத்தலை நிரப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “மனே, மாடு இறங்குற துறைக்கு மேலால போய் அள்ளுங்க” என்றார். நூறு அடி தள்ளி நின்றிருந்தால் போதும். எங்களுக்கு அது தோன்றவில்லை.

அறிகுறி: இரண்டாம் நாள் காலையில் உணவு புளித்து நாறுகிறது

தேங்காய்தான் முதற் சந்தேகநபர். புட்டு, தேங்காய்ச் சம்பல், பால்விட்ட கறி, பாற்சோறு என்று நாம் விரும்பி உண்பவற்றில் பெரும்பாலானவை தேங்காயோடு சேர்ந்தவை. முப்பது பாகை கடந்த வெப்பத்தில் மூடிய பெட்டிக்குள் அவை சில மணி நேரமே தாங்கும். மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் வெயில்பட வந்தால் அதுவும் இல்லை. மணம் மாறி, தொட்டால் நூல்போல் இழுபட்டால், சூடாக்கி உண்ணலாம் என்று எண்ணாமல் புதைத்துவிடுங்கள். குறிப்பாகச் சோறு: ஆறிய சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. வீட்டில் நாம் நீரூற்றி வைத்துண்ணும் பழஞ்சோறு இந்தக் கணக்கில் வராதா என்று கேட்பீர்கள். அது சுத்தமான நீரில், மூடிய சட்டியில், வீட்டு நிழலில் புளிக்கும் சோறு. பிளாஸ்ரிக் பெட்டியில் வெந்து கிடக்கும் சோறு அதற்கு உறவல்ல.

பரிகாரம், உணவை உண்ணும் வரிசையில் கட்டுவது. சனிக்கிழமை காலைக்கு மட்டும் புட்டோ இடியப்பமோ எடுங்கள். பத்து மணிக்குள் அது முடிந்துவிட வேண்டும். மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய புளிச்சோறு. புளியும் நல்லெண்ணெயும் அதைத் தாங்கவைக்கும், ஆனால் நன்றாக ஆறவிட்ட பிறகே கட்ட வேண்டும், சூட்டோடு கட்டினால் ஆவி வியர்த்து அதுவே கெட்டுவிடும். இரவுக்கும் மறுநாளுக்கும் உலர்ந்த பொருட்கள் மட்டுமே: அரிசி, பருப்பு, அவல், நெத்தலிக் கருவாடு, மாசி, எண்ணெயில் நன்கு வதக்கிய சீனிச் சம்பல், கச்சான். (எங்கள் ஊரில் காற்றும் கச்சான், கடலையும் கச்சான், முதலாவது தண்ணீரைப் பறிக்கும், இரண்டாவது தண்ணீரைக் கேட்கும்.) கோழிக் கறியைப் பொரித்து எடுத்துவருகிறேன் என்று ஒருவர் எப்போதும் சொல்வார், அது முதல் நாள் மதியத்துக்கு நல்ல யோசனை, இரவுக்கு அல்ல.

எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றை வழியில் வாங்காமல் வருவது மட்டக்களப்பாருக்குக் கடினந்தான். வாங்குங்கள், ஆனால் நடக்கத் தொடங்குமுன் வாகனத்தின் அருகிலேயே உண்டு முடியுங்கள். மண்சட்டியோடு காட்டுக்குள் நடந்தவர்களின் பைக்குள் என்ன நடந்தது என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: அடுப்பு எரிகிறது, சோறு வேகவில்லை, அல்லது காஸ் ரின் பாதியிலேயே தீர்ந்துவிட்டது

வெளிநாட்டு வழிகாட்டிகள் இங்கே குளிரைக் குற்றம் சொல்லும். பியூட்டேன் பூச்சியப் பாகையை அண்டிய குளிரில்தான் ஆவியாக மறுக்கும். நம் கரையில் அந்தக் கவலை இல்லை. நமது எதிரி காற்று. அமைதியான இடத்தில் ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்கப் பத்து முதல் பதினைந்து கிராம் எரிவாயு போதும். கடற்காற்று சுவாலையைச் சாய்க்கும் திறந்தவெளியில் அதன் இருமடங்கும் போதாமல் போகும். பெரிய மரத்தின் அடிப்பக்கமோ கற்களின் மறைவோ தேடுங்கள். ஆனால் மறைப்புத் தகட்டை ரின்னையும் சேர்த்து நான்கு பக்கமும் சுற்றி அடைத்துவிடாதீர்கள். ரின் சூடேறினால் வெடிக்கும். வெயிலில் மூடிக்கிடக்கும் வாகனத்துக்குள்ளும் அதை விட்டுவைக்கக்கூடாது.

மற்றக் காரணம் உணவுத் தெரிவு. பருப்பை நடக்கும்போதே ஒரு போத்தலில் ஊறவைத்தால் அடுப்பில் பாதி நேரந்தான். அரிசியை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிய சட்டியைத் துவாயிலும் உடுப்பிலும் சுற்றி அரை மணி நேரம் வைத்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். எரிவாயுவும் நீரும் இரண்டுமே மிஞ்சும். சோறு வடித்துக் கஞ்சியைக் கொட்டுவது வீட்டு வழக்கம். காட்டில் அந்தக் கஞ்சி, மேலே சொன்னபடி, உப்பிட்டுக் குடிக்க வேண்டிய மருந்து.

காஸ் முழுதாகத் தீர்ந்துவிட்டால் விறகு மூட்டலாமா? வறண்ட மாதங்களில் வேண்டவே வேண்டாம். அவலை நீரில் நனைத்துச் சர்க்கரை சேர்த்து உண்டு படுங்கள். ஒருவேளைக்கான அவலை அதற்காகவே தனியாக வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி: உணவு மிஞ்சிக் கிடக்கிறது, ஆனால் எல்லோரும் சோர்ந்திருக்கிறார்கள்

வெயில் பசியைக் கொல்லும். எல்லாம் இனிப்பாகவே கட்டிவந்திருந்தால் பிற்பகலில் எவருக்கும் வாய் வைக்கத் தோன்றாது. புளி, உப்பு, உறைப்பு உள்ள ஒன்று எப்போதும் கைக்கெட்டும் பக்கப் பையில் இருக்க வேண்டும். உப்புமிளகாய் தடவிய மாங்காய் வற்றல் எங்கள் குழுவில் இந்தச் சிக்கலை முடித்துவைத்தது. மணிக்கொருமுறை ஒரு கைப்பிடி என்று நேரம் வைத்து உண்ணுங்கள். எடைக்கு அதிக சத்துத் தருவது கச்சான்: நூறு கிராமில் ஏறத்தாழ 570 கலோரி உண்டு, அதே எடை பேரீச்சம்பழத்தில் அதன் பாதிதான்.

அறிகுறி: காலையில் எழுந்தால் உணவுப் பை கிழிந்திருக்கிறது

எறும்பாயின் பையைத் தரையில் வைத்தது தவறு. குரங்காயின் கூடாரத்துக்கு வெளியே திறந்து வைத்தது தவறு. மூடி இறுகும் பிளாஸ்ரிக் வாளி ஒன்று இரண்டுக்கும் போதும், கவிழ்த்தால் இருக்கையாகவும் பயன்படும். யானையின் விடயம் வேறு. அரிசிக்கும் உப்புக்கும் வீட்டுச் சுவரையே இடிக்கும் மிருகத்துக்குக் கூடாரத் துணி ஒரு தடையன்று. வாழைப்பழம், கரும்பு, பலாப்பழம் ஆகியவற்றைக் கொண்டுவராதீர்கள். உணவு வாளியைப் படுக்கும் கூடாரத்தில் வைக்காமல் ஐம்பது அறுபது அடி தள்ளி வையுங்கள். குளக்கட்டிலும் குளத்துக்கு இறங்கும் தடத்திலும் கூடாரம் அடிக்கவே கூடாது. இரவில் வாளியை உருட்டும் சத்தம் கேட்டால் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். வாளி போனால் போகட்டும்.

அறிகுறி: பவர் பாங்க் சொன்ன அளவு மின் தரவில்லை

பெரும்பாலும் அது பழுதன்று. பெட்டியில் 10,000 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ற்று மின்கலத்தின் அளவு, அதாவது 37 வாற்று மணி. வெளியே 5 வோல்ற்றாக மாற்றும்போது 7,400 ஆகிறது. மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் 6,000 முதல் 6,500 வரைதான் கைக்கு வரும். 5,000 அளவுள்ள கைத்தொலைபேசியை இருமுறை நிரப்பலாம் என்று எண்ணிவந்தால் ஒன்றரை முறையோடு நின்றுவிடும். இரண்டு நாளுக்கு ஒருவருக்கு அதுவே தாராளம். தாராளமாக இல்லையென்றால் கைத்தொலைபேசி எதற்காகவோ கொதித்துக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் அது சமிக்ஞை தேடும் வேலை. காட்டுக்குள் கோபுரம் எட்டாத இடத்தில் கைத்தொலைபேசி முழு வலுவோடு விடாமல் தேடிக்கொண்டிருக்கும். விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டால் மின்கலம் இரண்டு நாள் நிற்கும். அந்த நிலையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி, ஒருமுறை இணைப்பைத் துண்டித்துத் திறந்து பார்த்திருக்க வேண்டும். நீலப் புள்ளி வெற்றுச் சாம்பல் நிறத்தின் நடுவே நிற்கிறதென்றால் தரவிறக்கம் நடக்கவில்லை. வரும் வழியில் கண்ட கிணறு, கடை, பாலம் ஆகியவற்றை அந்த வரைபடத்தில் குறித்துக்கொண்டே செல்லுங்கள். முதல் அறிகுறியின்போது திரும்ப வேண்டிய திசையை அதுவே சொல்லும்.

மின்னேற்றம் தானாக நின்று, வெப்பம் என்று அறிவிப்பு வந்தால், உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள், குளிர்நீரில் வைக்காதீர்கள். கடற்கரையில் ஈரம் என்று அறிவிப்பு வந்தால் துளையை கீழ்நோக்கித் தட்டிக் காற்றில் உலரவிடுங்கள், உலரும்வரை வயரைச் செருகாதீர்கள். அரிசிப் பைக்குள் புதைப்பது தூசியைத்தான் சேர்க்கும். சிறிய சூரியத் தகட்டைப் பையின் மேல் கட்டிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மரநிழலில் அது அலங்காரமே.

அறிகுறி: தலைவிளக்கு எரியவில்லை அல்லது மின்னேற மறுக்கிறது

பைக்குள் அழுத்துண்டு இரவெல்லாம் எரிந்திருக்கலாம். பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள்; கழற்றும் மின்கலமாயின் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு வையுங்கள். பவர் பாங்கில் செருகிச் சில விநாடிகளில் அணைந்துவிட்டால், விளக்கு இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிதாக இருப்பதால் பவர் பாங்க் ஒன்றும் செருகப்படவில்லை என்று எண்ணித் தூங்கிவிடுகிறது. கூடவே கைத்தொலைபேசியையும் செருகினால் விழித்திருக்கும். இரு முனையும் சி வகையான வயரில் மலிவு விளக்குகள் சில அறவே மின்னேறா. ஒரு முனை பழைய அகன்ற வகையாக உள்ள வயரைக் கொண்டுபோங்கள், வேறு பரிகாரம் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: வீடு திரும்பிச் சில நாட்களின் பின் காய்ச்சல்

பயணம் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பலர் இதைப் பயணத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வயல், வாய்க்கால், குளம் ஆகியவற்றில் காலில் காயத்தோடு இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். அது பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள், கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசைநோவு, கண் சிவப்பு ஆகியவற்றோடு தொடங்கும். நுளம்பு கடித்த நினைவு இருந்தால் டெங்கும் சந்தேகத்துக்குரியதே. ஆகவே பரசிட்டமோல் தவிர வேறு நோவு மாத்திரைகளை நீங்களாக எடுக்கவேண்டாம். மருத்துவமனைக்குச் சென்றதும், எந்தத் தேதியில், எந்தக் குளத்தில், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதைக் கேட்குமுன்னரே சொல்லுங்கள். அடுத்த பயணத்தில் சேற்றில் இறங்கும் தேவை உண்டென்றால், அதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். எலிக்காய்ச்சலுக்கான முற்காப்பு மாத்திரை உங்களுக்குத் தேவையா என்பதை அவர் வழியாக அறியலாம்.